காயத்தை அழகென்று விற்கும் வணிகம்

மேலை நாட்டு நகரங்களின் கடைத்தெருக்களில் 1970களின் இறுதி முதல் ஒரு புதுவகைக் கடை தோன்றிப் பெருகிற்று. உள்ளே தனித்தனிச் சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் பேழை போன்றதொரு படுக்கை. அதில் படுத்து மூடியை இழுத்துக்கொண்டால், மேலும் கீழும் பொருத்தப்பட்ட குழல்விளக்குகள் நீல ஒளி வீசும். பத்து இருபது நிமிடங்களில் எழுந்து காசு கொடுத்துவிட்டுப் போகலாம். சில நாட்கள் இடையிட்டு இவ்வாறு படுத்தெழுந்தால் வெளிறிய தோல் பொன்பழுப்பாக மாறும். சன்பெட் என்றும் சோலாரியம் என்றும் இதனை அழைப்பர். நாம் வெயில் படுக்கை என்போம். அழகுக்கென இப்படுக்கையை வாடகைக்கு விடும் வணிகம் நெறிப்படுத்தப்பட வேண்டியதன்று. நிறுத்தப்பட வேண்டியது என்பதே நமது துணிபு.

வெயிலுக்கு அஞ்சிக் குடை பிடிக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று வாசகர் வியக்கலாம். அங்கே அப்படுக்கையை விற்கும் சொற்களும் இங்கே நம் இல்லங்களில் வேறொன்றை விற்கும் சொற்களும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை. அதனை இறுதியில் காண்போம். முதலில், எதிர்த்தரப்பின் ஈர்ப்பு எத்தகையது என்பதை நேர்மையோடு எடுத்துரைப்பது நம் கடமை.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வெண்மையே மேன்மையின் அடையாளமாயிருந்தது. வயலில் உழைத்தவன் கருத்தான். மாளிகையில் இருந்தவள் வெளிறியிருந்தாள். தொழிற்புரட்சி இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. உழைப்பாளி சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் புகுந்து வெளிறிப் போனான். கடற்கரையில் ஓய்வெடுக்கப் பொருளும் பொழுதும் உடையவனே பழுப்பேறித் திரும்பினான். மருத்துவமும் இம்மாற்றத்துக்குத் துணை நின்றது. ஒளிக்கதிர்களால் தோல் காசநோயைக் குணப்படுத்தியமைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபெல் பரிசு பெற்றார். சுவிட்சர்லாந்தின் மலைகளில் காசநோயாளரை வெயிலில் கிடத்தும் மருத்துவமனைகள் எழுந்தன. 1920களில் பழுப்புத் தோல் நாகரிகத்தின் முத்திரையாயிற்று. நலமும் செல்வமும் ஓய்வும் அந்நிறத்தில் ஒருசேரக் குடிபுகுந்தன.

இன்றைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வட நாடுகளின் குளிர்காலத்தில் கதிரவன் சில மணி நேரமே தலைகாட்டி மறைகின்றான். மாதக்கணக்கில் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அத்தகைய ஊரில் கால் மணி நேர வெதுவெதுப்பும் தனிமையும் விலைக்குக் கிடைக்குமானால், களைத்த உள்ளம் அதை நாடுவதில் வியப்பில்லை. பள்ளி இறுதி ஆண்டு நடன விழாவிற்கு முன் தன் தோழியரைப் போல் தானும் பழுப்பாகத் தோன்ற விரும்பும் சிறுமியையோ, திருமணத்துக்கு முன் அங்கே செல்லும் மணப்பெண்ணையோ நாம் எள்ளி நகையாடவில்லை. பிறர் கண்ணுக்கு இனியவராய்த் தோன்ற வேண்டும் என்பது மாந்தர் யாவர்க்கும் உள்ள விழைவு. நம் வழக்கு அவ்விழைவின் மீதன்று. அதனை முதலாக்கி வணிகம் செய்வோர் மீதே.

அவர்கள் விற்பது உண்மையில் என்ன? புற ஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களில் பாயும்போது அவற்றின் டி.என்.ஏ. இழைகள் சிதைவுறுகின்றன. அச்சிதைவை உணர்ந்த உடல் விடுக்கும் அபாயக் குரலே மெலனின் என்னும் நிறமியின் மிகுதியான சுரப்பு. மேலும் சிதையாதிருக்க உடல் விரிக்கும் குடை அது. ஆகவே பழுப்பு நிறம் நலத்தின் ஒளி என்பது பொய். தாக்குண்டதற்கு உடல் தரும் சான்று அது. பெரும்பாலான வெயில் படுக்கைகள் மிகுதியாக உமிழ்வது புற ஊதா ‘ஏ’ வகைக் கதிர்களை. அவை தோலின் அடியடுக்கு வரை ஊடுருவி அதன் நெகிழ்ச்சியைக் குலைத்துச் சுருக்கங்களை விளைவிப்பவை. ஆற்றல் மிக்க சில படுக்கைகள் வெளியிடும் அக்கதிரின் வீச்சு, மத்தியதரைக் கடற்கரையின் உச்சி வெயிலைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு இருக்கக்கூடும். இளமைத் தோற்றம் வேண்டிப் படுப்பவர் முதுமையை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்குகிறார்.

சுருக்கத்தோடு கேடு நின்றிருந்தால் நாம் இத்துணை வன்மையாக எழுதியிரோம். உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009ஆம் ஆண்டு இப்படுக்கைகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் அமர்ந்திருக்கும் பிரிவு அது. முப்பத்தைந்து வயதுக்கு முன் இப்படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியோர்க்கு மெலனோமா என்னும் கொடிய தோல்புற்று வரும் வாய்ப்பு 75 விழுக்காடு கூடுகின்றது என்று அம்முகமையின் குழு 2006இல் கணித்தது. 2012இல் வெளியான விரிவான ஆய்வொன்று அதனை 59 விழுக்காடு என மதிப்பிட்டது. எண்ணில் வேறுபாடு உண்டு, திசையில் வேறுபாடில்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பரப்புகளில் ஆண்டுதோறும் நாலரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பிற தோல்புற்றுகளுக்கும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மெலனோமாக்களுக்கும் இப்படுக்கைகளே காரணம் என 2014இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். இவை ஊழ்வினையால் வந்த நோய்களல்ல. பணம் கட்டி வாங்கப்பட்டவை.

இதற்கு வணிகர் தரப்பு மூன்று விடைகளை வைத்திருக்கிறது.

முதலாவது, அளவோடு பயன்படுத்தினால் தீங்கில்லை என்பது. அமிர்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்பர் நம் முன்னோர். அமிர்தத்துக்கு அளவு சொன்னார்களேயன்றி நஞ்சுக்கு அளவு வகுத்தாரில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2016இல் இதனை ஆராய்ந்து, வெயில் படுக்கையின் கதிருக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என முடிவு கூறிற்று.

இரண்டாவது, விடுமுறைக்குச் செல்லுமுன் தோலைப் பழுப்பாக்கிக் கொண்டால் அது பின்னர் வெயிலைத் தாங்கும் என்பது. அவ்வாறு பெறும் காப்பு மிகச் சிறிது. பூசும் வெயிற்காப்புக் களிம்புகளின் அளவுகோலில் மூன்று அல்லது நான்கு என்ற எண்ணைத் தாண்டுவதில்லை. மருத்துவர் பரிந்துரைப்பதோ முப்பதும் அதற்கு மேலும். வீட்டுக் கூரை தீப்பிடிக்கக்கூடும் என்று அஞ்சி வாசற்கதவைக் கொளுத்திப் பழகிக்கொள்வார் உண்டோ?

மூன்றாவது, வைட்டமின் ‘டி’ கிடைக்கிறது என்பது. தோலில் அந்த வைட்டமினை உண்டாக்குவது ‘பி’ வகைக் கதிர். படுக்கைகள் மிகுதியாக வீசுவதோ ‘ஏ’ வகைக் கதிர். குறைபாடு உள்ளவர்க்கு உணவும் மாத்திரையும் உண்டு. தடிப்புத் தோல் அழற்சி போன்ற நோய்களுக்கு மருத்துவமனையில் ஒளிச் சிகிச்சை தருகிறார்களே எனலாம். அங்கே நோய் உண்டு, அளவு உண்டு, கண்காணிக்கும் மருத்துவர் உண்டு. நன்மையும் தீமையும் சீர்தூக்கப்படுகின்றன. கடையில் நோயும் இல்லை, மருத்துவரும் இல்லை. கல்லாப்பெட்டி மட்டுமே உண்டு.

இவ்விடைகள் அறியாமையால் எழுந்தவை என்று கொள்ளவும் வழியில்லை. வெயில் படுக்கை தீங்கற்றது, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டாது என்று விளம்பரம் செய்த அமெரிக்க வணிகர் சங்கத்தின் மீது அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2010இல் அத்தகைய கூற்றுகளை நிறுத்தச் செய்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் ஆய்வாளர்கள், வெள்ளைத் தோல் கொண்ட பதின்வயதுப் பெண்களைப் போல் 300 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினர். பத்தில் ஒன்பது கடைகள் உடல்நலத்துக்குத் தீங்கேதுமில்லை என்று விடையிறுத்தன. பெரும்பாலானவை நன்மையே உண்டு என்றும் கூறின. குழந்தை அப்பம் கேட்டபோது கல்லைக் கொடுக்கும் கொடுமையை வேதம் பேசுகிறது. இவர்கள் கல்லை அப்பமென்று சொல்லி விலையும் வாங்கியிருக்கிறார்கள்.

இனி, அவர்களுடைய கடைசி அரணுக்கு வருவோம். அதன் பெயர் தனிமனித உரிமை. “என் உடல், என் விருப்பம், இடையில் அரசுக்கென்ன வேலை?” என்கின்றனர். உரிமை என்னும் சொல்லை நாம் மதிக்கிறோம். மதிப்பதாலேயே இரு வினாக்களை எழுப்புகிறோம். மறைக்கப்பட்ட செய்தியின் மேல் எழும் விருப்பம் விருப்பமாகுமா? விட முடியாததைத் தொடர்வது உரிமையாகுமா?

முதல் வினாவுக்கு மேலே கண்ட தொலைபேசி உரையாடல்களே விடை. இரண்டாம் வினாவுக்கு ஆய்வுக்கூடங்கள் விடை தந்துள்ளன. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு படுக்கைகளுள் ஒன்றில் புற ஊதாக் கதிரை வடிகட்டி நீக்கிவிட்டு, அடிக்கடி வருவோரை மாறிமாறிப் படுக்கவைத்தனர் அமெரிக்க ஆய்வாளர்கள். பின்னர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது, ஏறத்தாழ அனைவரும் கதிருள்ள படுக்கையையே நாடினர் என 2004இல் அவர்கள் எழுதினர். கதிர் பட்ட எலிகளின் குருதியில் எண்டார்ஃபின் என்னும் போதை தரும் பொருள் பெருகுவதையும், அதன் செயலைத் தடுத்தால் போதைக்கு அடிமையானோர்க்குரிய நடுக்கம் தோன்றுவதையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கள்ளுக்கடை வாசலில் நின்று குடிகாரனின் உரிமைக்காக வாதாடும் கடைக்காரனை நாம் அறிவோம். அவன் காப்பது எவருடைய உரிமையை என்பதையும் அறிவோம்.

யாரைக் குறிவைக்கின்றனர் என்பதையும் நோக்குக. அமெரிக்காவின் 116 பெருநகரங்களை ஆராய்ந்தபோது, நகருக்குச் சராசரியாக 42 வெயில் படுக்கைக் கடைகள் இருந்தன; ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளைக் காட்டிலும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் காட்டிலும் அவை மிகுதி என 2009இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. 125 முன்னணிக் கல்லூரிகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழப் பாதிக் கல்லூரிகளில் வளாகத்திலோ மாணவர் தங்கும் குடியிருப்புகளிலோ இப்படுக்கை இருந்தமையை 2014இல் கண்டனர். கல்வி தேடி வந்த பிள்ளைக்கு அறையோடு புற்றுநோய்க் கருவியும் வசதியாக அளிக்கப்பட்டது.

சட்டங்கள் இல்லாமலில்லை. பிரான்சு 1997இலும், ஜெர்மனி 2009இலும், இங்கிலாந்தும் வேல்சும் 2011இலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைத் தடுத்தன. அமெரிக்க மாநிலங்களுள் கலிபோர்னியா 2012 முதல் அவ்வாறே செய்தது. வரவேற்கிறோம், ஆயினும் போதாது என்கிறோம். பதினெட்டாம் பிறந்தநாள் வந்தவுடன் தோல் தடித்துவிடுவதில்லை. முப்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்குவோர்க்கே கேடு மிகுதி என்று ஆய்வு கூறும்போது, பதினெட்டில் கதவைத் திறந்துவிடுவது யாருக்கான சலுகை?

துணிந்து கதவடைத்த நாடுகளும் உண்டு. அழகுக்கான வெயில் படுக்கையைப் பிரேசில் 2009இல் முற்றிலும் தடைசெய்தது. உலகில் அதுவே முதல் நாடு. ஆஸ்திரேலியாவின் வரலாறு துயரம் தோய்ந்தது. மெல்பேர்ன் நகரில் கிளேர் ஆலிவர் என்னும் இளம்பெண் மெலனோமாவால் உருக்குலைந்த நிலையில், தாம் சென்றுவந்த சோலாரியங்களுக்கு எதிராக நாடறியக் குரலெழுப்பினார். 2007 செப்டம்பரில் தமது இருபத்தாறாம் வயதில் காலமானார். அக்குரல் அடங்கவில்லை. 2015 பிறந்தபோது பெரும்பாலான மாநிலங்களில் வணிக சோலாரியங்கள் மூடப்பட்டிருந்தன. 2016இன் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவும் சேர்ந்துகொண்டது. அந்நாட்டின் உரிமைகள் அதனால் குன்றிவிட்டதாக யாரும் கூறக் கேட்டிலோம்.

இப்போது நம் முற்றத்துக்கு வருவோம். அங்கே வெளிறியவளிடம் “நீ பழுப்பாக வேண்டும்” என்கிறது வணிகம். இங்கே பழுப்பானவளிடம் “நீ வெளுக்க வேண்டும்” என்கிறது. நம் நாட்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் சந்தைக்கு வந்தது. சிவப்பே அழகு என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் போதித்தபின், 2020இல் பெயரை மட்டும் ‘குளோ அண்ட் லவ்லி’ என மாற்றிக்கொண்டது. முறையான மேற்பார்வையின்றி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரகம் பழுதுற்று வந்த சிலர் அத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். நிறங்கள் எதிரெதிர், தந்திரம் ஒன்றே. உனக்கு அளிக்கப்பட்ட தோல் குறையுடையது என்று முதலில் நம்பவைப்பது. பின்னர் அக்குறைக்கு மருந்து விற்பது. மேனாட்டுப் பெண்ணின் பேதைமையைக் கண்டு சிரிக்கும் நாம், பெண்பார்க்கச் சென்ற வீட்டில் “பெண் கொஞ்சம் நிறம் குறைவு” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். விளம்பரக்காரனுக்கு முன்பே அவனுடைய வேலையை நாம் செய்துவிடுகிறோம்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. அழகுக்கென வெயில் படுக்கையை வாடகைக்கு விடும் உரிமத்தை அரசுகள் திரும்பப் பெறட்டும். பாதரசக் களிம்பைப் பிடிக்கும் கை இன்னும் வலுப்பெறட்டும். சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. எஞ்சியது இல்லங்களில் நடைபெற வேண்டியது. பிள்ளையின் நிறத்தைப் பற்றி உற்றாரும் உறவினரும் இரக்கக் குரலில் பேசும்போது, பெற்றோர் அங்கேயே அப்பேச்சை மறுத்துரைக்க வேண்டும். மறுத்துரைத்ததை அப்பிள்ளை கேட்கவும் வேண்டும். தன் தோல் குறையுடையதன்று என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பெண்ணிடம் எந்த வணிகனும் எளிதில் காசு பறித்துவிட முடியாது.