பாடசாலை வைஃபையும் பெற்றோர் உரிமையும்

பாடசாலைகளில் வைஃபைக் கருவி பொருத்துவது பற்றி வினவும் பெற்றோரை அறிவிலிகள் என்று எள்ளி நகையாடும் வழக்கம் படித்தோர் சிலரிடையே வளர்ந்து வருகின்றது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

உண்மையை முதலில் உள்ளவாறு உரைத்துவிடுவோம். வைஃபை அலை எக்ஸ்-கதிரின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஐரோப்பாவில் 2.4 கிகாஹேட்ஸ் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் ஒரு வாட்டில் பத்திலொரு பங்கே. 2011இல் உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வானொலி அலைகளை '2பி' வகுப்பில், அதாவது புற்றுநோய் விளைக்கலாமென ஐயுற இடமுள்ளவற்றுள், சேர்த்தது மெய்யே. ஆயின் அதற்குப் பெரிதும் ஆதாரமாயமைந்தவை கைத்தொலைபேசியைச் செவியோடணைத்துப் பேசியோர் பற்றிய ஆய்வுகள். வகுப்பறை வைஃபை அன்று. ஆசிய நாட்டுக் காய்கறி ஊறுகாயும் அதே வகுப்பிலேயே இருக்கின்றது! ஐயத்தைத் தீர்ப்பென்று கூவி ஊரைக் கலக்குவோர்க்கு நாம் துணைநில்லோம்.

ஆனால், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதனால் கேள்வி கேட்கும் உரிமையும் அற்றுப்போகுமா? சட்டங் கற்ற எவரும் அவ்வாறு வாதிடார். பிரான்சை நோக்குக. பசுமைக் கட்சிப் பிரதிநிதி லோரான்ஸ் அபேய் 2013இல் முன்வைத்த மசோதா, எதிர்ப்புகளைக் கடந்து 2015இல் சட்டமாயிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்கும் நிலையங்களில், அவர்கள் உறங்கும், விளையாடும் இடங்களில் வைஃபை ஆகாது. ஆரம்பப் பாடசாலை வகுப்பறைகளில் பாடத்துக்குப் பயன்படாத வேளையில் கருவி நிறுத்தப்படல் வேண்டும். புதிதாகப் பொருத்துமுன் பாடசாலைச் சபைக்கு அறிவித்தல் வேண்டும். அச்சபையில் பெற்றோரின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கின்றனர் என்பதைக் கவனிக்க. அங்கு பெற்றோரை எவரும் அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடவில்லை; சட்டமே அவர்களுக்குச் செவிசாய்த்தது.

இங்கோ கேளாமலே ஆணையிடுவது ஆள்வோர்க்குப் பழகிப்போன கலை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது வயலில் நிற்பவனை யார் கேட்டார்? அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கினார்கள். நட்டமோ உழவன் தலையில் விழுந்தது. தடுப்பதாயினும் புகுத்துவதாயினும் நோய் ஒன்றே.

ஆகவே நாம் கேட்பது தடையன்று. பொருத்திய கருவி எது, அதன் ஆற்றல் எவ்வளவு, அளந்தவர் யார், எவ்வேளையில் நிறுத்தப்படும் என்பவற்றைத் தமிழில் எழுதிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முன் வைக்கட்டும். கணினிகள் நிலையாக இருக்கும் அறைக்குக் கம்பி இணைப்பே போதும். அது வேகமுங் கூட. அரச பாடசாலை அதிபர் வாய்திறவாராயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பெற்றோர் கையில் இருக்கின்றது. மனுவை எழுதுக, பதினான்கு வேலைநாட்களுள் தீர்மானத்தை அறிவிக்கத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர்.