கோல் கீப்பர் என்றால் இளப்பமா?

ஆக்கி பற்றி எழுத உனக்கு என்னப்பா தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று சுற்றுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் 2 வருஷம் ஸ்டிக் பிடித்தேன். அதிலும் மைதானத்தில் ஓடியதைவிட ஓரத்தில் உட்கார்ந்து மற்றவன் பையைக் காவல் காத்ததுதான் அதிகம்.

ஆனால் ஆக்கியே என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. விபத்து கேஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். அவசரப் பிரிவு வாசலில் முழங்கால் வரை புழுதியோடு பத்துப் பன்னிரண்டு பையன்கள். நடுவில் ஒருவன் தாடையைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான். துண்டெல்லாம் ரத்தம். வெட்டு கேஸ் என்று நினைத்து நோட்டை வெளியே எடுத்தேன்.

"வெட்டு இல்லண்ணே. மேட்ச்சு" என்றான் பக்கத்தில் நின்றவன்.

முதல் நாள் ராத்திரி

விஷயம் இதுதான். அந்த கிளப்புக்கு ஒரு நல்ல கோல் கீப்பர் இருந்தான். மேட்சுக்கு முதல் நாள் ராத்திரி இன்னொரு கிளப் வந்து அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டது. விலை என்ன தெரியுமா? ஒரு ஜோடி ஷூ, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. நம்மூரில் ஆள் வாங்குவது, விற்பது எல்லாம் இந்த அளவில்தான் நடக்கிறது.

காலையில் ஆள் இல்லை. பிளஸ் 1 படிக்கும் பையன் ஒருவனைப் பிடித்து "நீ நில்லுடா" என்று கோலில் நிறுத்திவிட்டார்கள். அவன் பாவம், ஓரத்து ஆட்டக்காரன். கால் பேடு இரவல். பழைய கையுறை கிடைத்தது. ஹெல்மெட் மட்டும் கிடைக்கவில்லை. "பரவாயில்ல, பார்த்து நில்லு" என்றார்களாம்.

2-வது பாதியில் பந்தைத் தடுத்துக் கீழே விழுந்தான். பந்து நின்றுவிட்டது. நடுவர் விசிலும் ஊதிவிட்டார். ஆனால் ஓடிவந்த எதிரணி ஆள் ஓங்கிய ஸ்டிக்கை இறக்கவில்லை. தாடையில் 6 தையல்.

பிறகு அடிதடி. பிறகு போலீஸ் நிலையம். இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலில் ஒன்றாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். கேஸ் இல்லை. கேஸ் இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் செய்தியும் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டீக்கடை மாநாடு

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் அங்கே ஆக்கி மாநாடு நடக்கும். ஜவுளிக்கடை கணக்கர், பஸ்சுக்குக் காத்திருக்கும் குமாஸ்தா, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா பெரியவர் என்று நிரந்தர உறுப்பினர்கள் உண்டு.

2024-ல் பாரீஸ் ஒலிம்பிக் முடிந்ததும் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த கோல் கீப்பர் யார்? குமாஸ்தா கிருஷன் பதக் கட்சி. கணக்கர் சூரஜ் கர்கேரா கட்சி. 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் தென்கொரியாவை 4-1 என்று அடித்து ஆசியக் கோப்பையை ஜெயித்தபோது இருவருமே அணியில் இருந்தார்கள். அதனால் இரண்டு கட்சியும் வெற்றி கொண்டாடியது. டீக்கடைக்கு நல்ல வியாபாரம்.

அடுத்த சண்டை ஏலத்தைப் பற்றி. நின்றுபோயிருந்த ஆக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது, 2024 அக்டோபரில் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 24 பேரை எடுக்கவேண்டும். கையில் 4 கோடி ரூபாய். இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அயர்லாந்து கோல் கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சம் கொடுத்து எடுத்தது.

"தமிழ்நாட்டு கோலைக் காக்க அயர்லாந்துல இருந்து ஆள் வரணுமா? கோவில்பட்டியில ஒருத்தனும் இல்லையா?" என்று கணக்கர் மேஜையைத் தட்டினார்.

கேள்வி நல்ல கேள்வி. கோவில்பட்டியில் மாரீஸ்வரன் சக்திவேல் உருவானார். அரியலூர் கார்த்தி செல்வம் அங்கே விடுதியில் தங்கி ஆட்டம் படித்தார். இருவரும் இந்திய அணிக்கு ஆடினார்கள். ஆனால் இருவருமே முன்கள ஆட்டக்காரர்கள்! கோல் போடுகிறவன் ஆகத்தான் எல்லாப் பையனுக்கும் ஆசை. தடுக்கிறவன் ஆக எவனுக்கு ஆசை வரும்? தமிழகத்து கோல் கீப்பர் என்று விரலை மடக்கினால் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்த முனீர் சேட் வரை போகவேண்டியிருக்கிறது.

நான் சொன்னேன்: "அண்ணே, அங்கேயாவது 32 லட்சம் கொடுத்து வாங்குறாங்க. இங்கே ஒரு ஜோடி ஷூவுக்கு வாங்குறோம். அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்தா பெரியவர் மட்டும் சிரித்தார்.

பழி யார் தலையில்?

தோற்றால் பழி கோல் கீப்பர் தலையில். இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இந்தியா 1, பாகிஸ்தான் 7. கோலில் நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. காசு வாங்கிக்கொண்டு கோல் விட்டான் என்றே பேசினார்கள். எதையும் யாரும் நிரூபிக்கவில்லை. அன்று தடுப்பாட்டம் எங்கே போனது, முன்களம் ஏன் ஒரே ஒரு கோலோடு நின்றது என்று எவனும் கேட்கவில்லை. அந்த மனிதர் 1998-ல் இந்திய அணிக்கு கோல் கீப்பர்களைப் பழக்கும் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அந்த வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவின் ஷூட்டவுட்டைத் தடுத்தவர் ஆஷிஷ் பல்லால். அவரும் கோல் கீப்பர்தான்.

நம் மாகேவுக்குப் பக்கத்தில் கண்ணூர். அந்த ஊர்க்காரர் மானுவல் பிரெடரிக் 1972 மூனிச் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அவர் ஆடியது ஹெல்மெட் இல்லாத காலம். கேரளத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அவருடையது. அரசு அவருக்கு தியான்சந்த் விருது கொடுத்தது 2019-ல். 47 வருஷம் கழித்து! 2025 அக்டோபர் 31-ந்தேதி காலமாகிவிட்டார். கேரளத்துக்கு 2-வது பதக்கம் 2021-ல் டோக்கியோவில் வந்தது. கொண்டுவந்தவர் ஸ்ரீஜேஷ். இரண்டுமே கோல் கீப்பர் கையால் வந்தவை. நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"முரடு இருக்கணும்பா!"

முரட்டு ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தால் குமாஸ்தா ஒரே பிடிவாதம். "கொஞ்சம் முரடு இருக்கணும்பா. இல்லாட்டி பல்லாங்குழி ஆடுங்க" என்பார்.

சரி, ஒரு கணக்குப் பார்ப்போம். 2024 ஆகஸ்டு 4-ந்தேதி, பாரீசில் பிரிட்டனோடு கால் இறுதி. 17-வது நிமிஷத்தில் அமித் ரோகிதாசின் ஸ்டிக் எதிரணி ஆள் தலையில் பட்டது. சிவப்பு அட்டை. வேண்டுமென்று செய்தாரா, தவறிப் பட்டதா என்று இன்றும் டீக்கடையில் அடித்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாக்கி 40 நிமிஷத்துக்கு மேல் இந்தியா 10 பேரோடு ஆடியது. அந்த 40 நிமிஷத்துக்கு யார் விலை கொடுத்தது? கோலில் நின்ற ஸ்ரீஜேஷ்! பந்து மேல் பந்தாகத் தடுத்து, 1-1 என்று நிறுத்தி, ஷூட்டவுட்டில் 4-2 என்று காப்பாற்றினார். ரோகிதாஸ் இல்லாமல் ஆடிய அரை இறுதியில் ஜெர்மனி 3-2 என்று ஜெயித்துவிட்டது. தங்கம் போச்சு. ஸ்பெயினை வென்று வெண்கலத்தோடு திரும்பினோம்.

முன்னால் ஒருவன் முரடாக ஆடினால் பின்னால் நிற்கிறவன் கடன் அடைக்கவேண்டும். இதைச் சொன்னதும் குமாஸ்தா "அது ஒலிம்பிக்குப்பா" என்றார். உள்ளூர் பையன் தாடை மட்டும் ரப்பரா?

பச்சை அட்டை காட்டினால் 2 நிமிஷம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிஷம். சிவப்பு என்றால் அவ்வளவுதான், வீட்டுக்கு. சட்டம் இது. நான் பார்த்த உள்ளூர் ஆட்டங்களில் அட்டை நடுவரின் பாக்கெட்டில் பத்திரமாகத் தூங்குகிறது. ஒரு நடுவரிடமே கேட்டேன். "தம்பி, மேட்ச் முடிஞ்சி இருட்டுல தனியா ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போறவன் நான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கோப்பையா, ஹெல்மெட்டா?

ஆக்கி பந்து 160 கிராம் வாக்கில் எடை. கல் மாதிரி கெட்டி. பெனால்டி கார்னரில் நல்ல ஆள் இழுத்துவிட்டால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்கு எதிரே 12 அடி அகலம், 7 அடி உயரக் கூண்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வெறும் முகத்தோடு நிற்கிறான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் உயரக் கோப்பை, சாலை நீளத்துக்கு பேனர், மேடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, சரவெடி. இவற்றில் பாதியைக் குறைத்தால் ஹெல்மெட், தொண்டைக் கவசம், மார்புக் கவசம், பேடு எல்லாம் சேர்த்து 2 செட் வாங்கலாம். மைதானத்திலேயே வைத்திருங்கள். எந்த அணி வந்தாலும் போட்டுக்கொண்டு ஆடட்டும்.

கவசம் இல்லாத கோல் கீப்பரை இறக்கினால் அந்த அணியை ஆடவிடக் கூடாது. கோல் கீப்பரே இல்லை என்றால் 11 ஆட்டக்காரர்களோடு ஆடச் சட்டம் இடம் தருகிறது. கோல் வாங்கித் தோற்கட்டும், தாடை மிஞ்சும். பெயர்ப்பட்டியல் கொடுத்த பிறகு ஆளைக் கிளப்பிக்கொண்டு போவதும் நிற்கவேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பட்டியலை வாங்கி ஒட்டிவிட்டால் ராத்திரி பேரம் தானாகப் படுத்துவிடும்.

"ஏழைப் பசங்க கிளப் எல்லாம் இதுல அடிபட்டுப் போயிடும் தம்பி" என்றார் டீ மாஸ்டர். யோசிக்கவேண்டிய பேச்சு. அதனால்தான் கவசச் செலவு போட்டி நடத்துகிறவர் தலையில் இருக்கட்டும் என்கிறேன். நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள் அல்லவா?

ஆக்கி இந்தியாவில் நமக்கென்று தனி சங்கமே இருக்கிறது. பெயர் லே புதுச்சேரி ஆக்கி. பெயரில் பிரெஞ்சு வாடை அடித்தாலும் ஆடுகிறவன் நம்மூர்ப் பையன்தான். 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. ஸ்ரீஜேஷ்தான் இந்தியப் பயிற்சியாளர். பெல்ஜியத்தோடு கால் இறுதி 2-2. ஷூட்டவுட்டில் 4-3 என்று ஜெயித்தோம். கோலில் நின்ற பிரின்ஸ்தீப் சிங்கைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கடைசியில் வெண்கலமும் வந்தது. கணக்கர் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லிவிட்டார் என்று கணக்கே இல்லை. டி.வி.யில் இதைப் பார்த்து, கோலில் நின்றால் என்ன என்று நம்மூரில் நாலு பையனாவது நினைத்திருப்பான்.

தையல் பிரிக்கும் அன்று அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். அவன் அம்மா வாசலிலேயே மறித்து, "இனிமே அந்தக் கட்டையை வூட்டுக்குள்ள கொண்டாந்தா அடுப்புல வெச்சிடுவேன், நீயே எழுது சார்" என்றார். எழுதிவிட்டேன் அம்மா.

பையன் தாடையை அசைக்காமல் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, அடுத்த மேட்ச்சுல நம்ம கோல்ல யாரு நின்னது?"

யாரும் நிற்கவில்லை என்றேன். ஹெல்மெட் வாங்க கிளப்பில் வசூல் நடக்கிறதாம். பாதிப் பணம் சேர்ந்திருக்கிறது.

"என் சைசுக்கு வாங்கச் சொல்லுங்க" என்றான். அம்மா உள்ளே இருந்தார், காதில் விழவில்லை.