ஜிகினா ஒட்டினால் கலையா?

பாடத்தைக் கலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று 2020-ல் சி.பி.எஸ்.இ. சொன்னது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்டாவது கட்டாயம். நாம் இருக்கும் மாநிலத்துக்கு ஜோடியாக இன்னொரு மாநிலம், அதன் கலையில் செய்ய வேண்டும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. நடப்பது என்ன?

இங்கே புனேயில் மகாராஷ்டிராவுக்கு ஜோடி ஒடிசா. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா அட்டையை வெட்ட, அம்மா ஜிகினா ஒட்ட, கோனார்க் சக்கரம் ரெடி. பிள்ளை எப்போதோ தூங்கியாச்சு. மேலே ‘வட்டங்கள்’ என்று எழுதிவிட்டால் கணக்கும் கலையும் சேர்ந்துவிட்டதாம்! மார்க்கும் விழுந்துவிடும்.

மன்னிக்கணும், இது கலையும் இல்லை, கணக்கும் இல்லை. பெற்றோரின் கைவேலை.

அந்தச் சக்கரத்தில் பெரிய ஆரங்கள் எட்டு. ஒரு கயிறும் இரண்டு முளையும் கொடுத்து, ‘வட்டத்தை எட்டாகச் சமமாய்ப் பிரி’ என்று பிள்ளைகளை மைதானத்தில் விடுங்கள். பாக்ஸில் துருப்பிடிக்கும் காம்பஸ் எதற்கு என்று தானாகப் புரியும்.

பள்ளியை மட்டும் திட்டிப் பயனில்லை. நம்ம வீட்டுக் கூத்து இன்னும் மோசம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஐஐடி கோச்சிங், மிருதங்க க்ளாஸ் கட்! அந்த மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்புக் கரணை என்ன செய்கிறது என்று சி.வி.ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் கரணையின் எடை ஏறியதும், தந்தி வாத்தியம் போல, அவை கிட்டத்தட்ட முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடம் வரும்போது இதைக் காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்குள் மிருதங்கம் லாஃப்டுக்குப் போயிருக்கும்.

நுழைவுத் தேர்வு முக்கியமில்லையா என்பீர்கள். முக்கியம்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மிருதங்கம் தட்டியா ரேங்க் கைவிட்டுப் போகப்போகிறது?

கேட்பது இரண்டே விஷயம். ப்ராஜெக்ட் வகுப்பிலேயே நடக்கட்டும், பிள்ளைகள் கையால். ட்ராயிங் மாஸ்டரும் சயின்ஸ் டீச்சரும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திட்டமிடட்டும். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் பஸ் கட்டணத்துக்குப் போடும் சத்தத்தில் பாதியை இதற்கும் போடுவோமே!