தோற்கவும் வசதி வேண்டும்

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. வில்வித்தைப் போட்டியும் உண்டு. அரியூர் நாட்டுப் பையன் ஒருவன் அதில் தோற்றால் என்ன சொல்லித் தேற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்: தோல்விதான் நல்ல வாத்தியார்.

அந்த வாத்தியார் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்? அம்பு இலக்குக்கு இடப்பக்கம் போய்க் குத்துகிறது. நாணை விடும்போது விரல் வெளியே இழுத்திருக்கலாம், வில் பிடித்த கை முறுக்கியிருக்கலாம், அம்பின் விறைப்பே அந்த வில்லுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். எங்கே குத்தியது என்பது எய்தவனுக்குத் தெரியும். ஏன் என்பது பின்னால் நின்று பார்க்கிற பயிற்சியாளருக்குத்தான் பிடிபடும். அப்படி ஆளில்லாத பையன் அதே பிழையை நூறுமுறை எய்து கையில் ஊறவைத்துக்கொள்வான்.

“நடராஜன் எழுந்து வரலையா?” என்பார்கள். வந்தார். கிரிக்கெட் வீரர், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதுமே அவர் பந்துவீசும் முறைமீது புகார் எழுந்தது. கதை சொல்கிறவர்கள் அங்கிருந்து ஒரே தாவலில் இந்திய அணியின் 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் நடந்ததல்லவா விஷயம்! தமிழ்நாடு கிரிக்கெட் சங்கப் பயிற்சியாளர்கள் உடனிருந்து அவர் பந்துவீச்சைத் திருத்தினார்கள். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது, திரும்பி வர ஒரு களம் கிடைத்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவர் உழைப்பு சின்னதல்ல. ஆனால் உழைப்பை மட்டும் புகழ்வதில் யாருக்கும் செலவில்லை பாருங்கள்.

அடி விழ விழத்தான் ஆள் உரமாவான் என்பது இன்னொரு பேச்சு. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தர்ராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். இதில் அவர் கற்க என்ன இருந்தது? உயிரை விடவும் முயன்றார்; செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பயிற்சியாளர் படிப்பும் அரசுப் பணியும் பல ஆண்டு கழித்தே வாய்த்தன. அவர் நிமிர்ந்ததற்கான பெருமையை அந்த அடிக்குக் கொடுப்பது அநியாயம்.

மலைப் பிள்ளைகளுக்கு உறுதி பிறவியிலேயே உண்டாம். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால் உரமாகத்தான் இருக்கும். ஆனால் மாவட்டப் போட்டி நாமக்கல்லில் என்றால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். கூடவருகிற அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு. வெறுங்கையோடு திரும்பினால் அடுத்தமுறை வீட்டில் யோசிப்பார்கள். டவுன் பிள்ளை வருஷத்துக்குப் பத்துப் போட்டியில் தோற்கலாம். மலைப் பையனுக்கு ஒன்றுக்குத்தான் பஸ் காசு.