கூல்டுக்குக் கிடைத்த வீடு

ஆர்தர் கூல்ட் பெயரை எடுத்தாலே வேல்ஸ் ரக்பிக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். பாட்டாளிகளின் சின்ன நாடு தன் அருமை ஆட்டக்காரருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தது. இங்கிலாந்துச் சீமான்கள் குறுக்கே நின்றார்கள். வேல்ஸ் ரக்பி சங்கம் வளையாமல் நின்று சர்வதேச ரக்பி வாரியத்தையே உதறி ஜெயித்துக் காட்டியது. கேட்கச் சுகமான கதைதான். ஆனால் இதில் நாயகனும் வில்லனும் வெற்றியும் சரியாக இல்லை.

கூல்டை ஏழைத் தொழிலாளியாக்குவது முதல் தவறு. 1864இல் நியூபோர்ட்டில் பிறந்தவர். அப்பா ஆக்ஸ்போர்டு பக்கத்திலிருந்து வந்து பித்தளை வார்ப்புத் தொழில் செய்தவர். மகன் பொதுப்பணி ஒப்பந்தத் தொழிலில் இருந்தார், வேலை நிமித்தம் மேற்கிந்தியத் தீவுகள் வரை போனார், லண்டன் பக்கம் ரிச்மண்ட் அணிக்கும் ஆடினார். சுரங்கத்தில் கரி வெட்டிய கை அல்ல அது. வேல்ஸுக்காக 27 ஆட்டங்கள், அதில் 18இல் கேப்டன். இந்தக் கணக்குக்கு மேல் அவருக்கு வறுமையைச் சேர்த்துப் பெருமை தேட வேண்டியதில்லை.

அவருடைய ஆட்டத்துக்கு, 1893 ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். தரை உறைந்து கிடந்ததால் இரவெல்லாம் மைதானம் முழுக்கக் கணப்புச் சட்டிகளில் கரி எரித்து இளக்கினார்கள். கூல்ட் இரண்டு ட்ரை போட்டார். கடைசிக் கட்டத்தில் பெனால்டி கிடைத்தபோது, பந்தைத் தரையில் நிறுத்தி உதை என்றார் கேப்டன் கூல்ட். பில்லி பான்கிராஃப்ட் கேட்கவில்லை; கையிலிருந்து நழுவவிட்டு, தரையில் பட்டெழும்பிய பந்தை உதைத்தார். உள்ளே போனது. 12-11. கேப்டன் பேச்சைக் கேட்காததால் ஜெயித்த ஆட்டம் என்று சொன்னாலும் குற்றமில்லை! அந்த ஆண்டே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் வென்று வேல்ஸ் முதன்முறையாக டிரிபிள் கிரவுன் வாங்கியது.

அடுத்தது, காசு வாங்காமல் ஆட வேண்டும் என்ற அமெச்சூர் விதியை மீறி அவர் ஆடுவதற்குக் கூலி வாங்கினார் என்ற எதிர்த்தரப்பின் வாதம். அந்த வீட்டை வாங்கித் தந்த வசூல் 1896இல் நியூபோர்ட்டில் தொடங்கியது; அது ஓய்வு பெறப்போகிற ஆளுக்கு ஊரார் ஷில்லிங் ஷில்லிங்காகப் போட்ட பணமுடிப்பு. சீக்கிரமே ஆட்டத்தை விடப்போகிறவருக்கு ஆட்டக்கூலி எதற்கு? அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு இங்கிலாந்து 9,000 பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அவரும் பேருக்கு அமெச்சூர்தான். அதை யாரும் தொழில்முறை ஆட்டம் என்று கூப்பாடு போடவில்லை. ரக்பிச் சட்டம் வேறு, கிரிக்கெட் சட்டம் வேறு என்பது உண்மையே. ஆனால் நியாயம் பேசியவர்களில் பலர் இரண்டு ஆட்டத்துக்கும் போய் உட்கார்ந்த அதே கனவான்கள்.

வேல்ஸ் சங்கம் கடைசிவரை உறுதியாக நின்றதாம். இதுதான் கதையிலேயே பெரிய புளுகு. வசூலுக்குத் தன் பங்கையும் தருவதாகச் சொன்ன சங்கம், சர்வதேச வாரியம் முறைத்ததும் பின்வாங்கியது. ஊரில் கொந்தளிப்பு எழுந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்து, 1897 பிப்ரவரியில் வாரியத்திலிருந்து விலகியது. துணிச்சல் ஷில்லிங் போட்ட சனங்களுடையது. சங்கம் அவர்கள் பின்னால் ஓடியது. ஏப்ரல் 19, ஈஸ்டர் திங்களன்று, நியூபோர்ட்டில் விருந்து வைத்து, சங்கத் தலைவர் கையாலேயே வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார்கள் என்பதும் அந்த அழுத்தத்தின் பலன்தான்.

வில்லன் இங்கிலாந்தா? 1897 ஜனவரி 9 அன்று, வசூல் ஊரறிந்த விஷயமாக இருந்தபோதே, இங்கிலாந்து அணி நியூபோர்ட்டுக்கு வந்து ஆடி 11-0 என்று தோற்றுப் போனது. கூல்டின் கடைசி சர்வதேச ஆட்டம் அது. அந்த ஆண்டு வேல்ஸுடன் ஆட மறுத்தவை ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும். பின்னர், இது விதிவிலக்கான சூழ்நிலை என்று சொல்லி கூல்டுக்கு வழிவிட்டது ஆங்கிலேய ரக்பி யூனியன்தான். அன்பினால் அல்ல. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள், வேலையை விட்டு ஆட வருபவனுக்கு இழந்த கூலியைத் தரவேண்டும் என்று பிரிந்துபோய் நார்தர்ன் யூனியனை ஆரம்பித்திருந்தன. வேல்ஸும் அந்தப் பக்கம் சாய்ந்தால் இருக்கிற பலமும் போய்விடும். கொள்கையா பலமா என்று வந்தபோது ஆங்கிலேய யூனியன் பலத்தைத் தேர்ந்தெடுத்தது. விட்டுக்கொடுக்காமல் நின்ற ஸ்காட்லாந்துக்காரர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அமெச்சூர் கொள்கையைச் சொன்னபடி கடைப்பிடித்தவர்கள் அவர்கள்தான்.

மிச்சமிருப்பது அந்த வெற்றி. 1898 பிப்ரவரியில் வேல்ஸ் சங்கம் வாரியத்துக்குத் திரும்பியது. நிபந்தனைகள் என்ன? வாரியத்தின் விதிகளுக்கு இனிக் கட்டுப்பட வேண்டும். கூல்டை மறுபடி நாட்டு அணிக்கு எடுக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரை எடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுப்பதில் நட்டமில்லை என்பார்கள். முதல் நிபந்தனையை என்ன செய்வது? எந்த அதிகாரத்தை உதறியதாகப் பெருமை பேசுகிறார்களோ, அதே அதிகாரத்தை ஓராண்டிலேயே ஏற்றுக்கொண்டார்கள். வாரியம் வேல்ஸைச் சேர்த்துக்கொண்ட பிறகும் ஸ்காட்லாந்து மனமிளகவில்லை. அந்த ஆண்டும் ஆடவில்லை. 1899 மார்ச்சில் எடின்பரோவில் ஒருவழியாக ஆட வந்து, 21-10 என்று வேல்ஸை வீழ்த்தியது.

இதில் முழுசாக ஜெயித்தவர் கூல்ட் ஒருவர்தான். வீடு அவரிடமே இருந்தது. அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை.