ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள்

"ஏழைக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?"

பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வீட்டுக் கணினியில் ஸ்பைவேர் என்னும் உளவுநிரல் புகுந்துவிட்டதென்று மாணவன் ஒருவன் வந்து முறையிட்டால், நம்மவரிலேயே சிலர் புன்னகையுடன் இவ்வாறு கேட்டு விஷயத்தை முடித்துவிடுகின்றனர். கள்ளன் செல்வந்தனின் பெட்டகத்தை அன்றோ தேடுவான், லயக் காம்பராவில் அவனுக்கென்ன வேலை என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் பிழையானது, நம் மக்களுக்குத் தீங்கும் விளைப்பது.

பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், மகனின் உயர்தரக் கல்விக்காகப் பழைய கணினி ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். சில வாரங்களில் அது கேளாத பக்கங்களைத் தானே திறந்தது. மாணவனின் மின்னஞ்சலுள் யாரோ நுழைந்தனர். கடைக்காரர் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக நிறுவிக் கூலி பெற்றார். பத்து நாளில் நோய் திரும்பியது. மூன்றாம் முறை அம்மாணவனோடு நாமும் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புலனாயிற்று. விலை கொடாத விண்டோஸின் பூட்டை உடைக்கும் ‘கிராக்’ என்னும் சிறு நிரலை ஒவ்வொரு முறையும் அதே பென் டிரைவிலிருந்தே ஏற்றியிருந்தனர். நோயைக் கொணர்ந்ததும் அதுவே.

உளவுநிரல் ஓரிடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. கணினி விழிக்கும்போது எழவேண்டிய நிரல்களின் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். குறித்த வேளையில் தன்னை மீண்டும் அழைக்கும்படி ஏற்பாடு செய்யும். உலாவியின் துணைநிரலாக வேடமிடும். ஒன்றை அழித்தால் மற்றொன்று அதனைத் திரும்ப வருவிக்கும். ஆதலால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின், விண்டோஸ் முழுவதும் எழுமுன் சோதிக்கும் டிஃபெண்டரின் ‘ஓஃப்லைன்’ சோதனையை நடத்த வேண்டும். அதன் பின்னும் ஐயம் தீராவிடில், பாடங்களையும் படங்களையும் மட்டும் பிரித்தெடுத்து, வட்டை முற்றாக அழித்து, நிறுவனத்தின் மூலப் பிரதியிலிருந்து புதிதாக நிறுவுதலே வழி. கடவுச்சொற்களை வேறொரு தூய கணினியிலிருந்தே மாற்ற வேண்டும். நோயுற்ற கணினியில் மாற்றுவது கள்ளனை அருகில் அமர்த்திக்கொண்டு புதுச் சாவி செய்வதற்கு ஒப்பாகும்.

இனி, குற்றம் யாருடையது? திருட்டுப் பிரதி ஏற்றிய மாணவனுடையது என்று கூறிவிடுதல் எளிது. தாயின் நாட்கூலிக்கு எட்டாத விலையில் மென்பொருள் விற்கப்படும் உலகில், அவனுக்கு வேறு வழியை யார் காட்டினர்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதியது வாங்க வல்லவனுக்குப் பாதுகாப்பு, வாங்க இயலாதவனுக்குத் திறந்த கதவு என்பதே சந்தையின் நீதி. விலையின்றிக் கிடைப்பதும் பழைய கணினியில் இயங்குவதுமான லினக்ஸ் இருக்கிறது என்பதை நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோமா?

முதற்கேள்விக்கு மீள்வோம். அம்மாணவனின் கணினியில் தேசிய அடையாள அட்டையின் பிரதி, தாயின் வங்கிப் புத்தகத்தின் படம், தங்கையின் புகைப்படங்கள், சம்பளக் கோரிக்கைக்காகத் தோட்டத்தார் தயாரித்த கையெழுத்துப் பட்டியல் ஆகியன இருந்தன. ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டில் இருந்தவை இவை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நம்மிடம் இல்லாததையும் உளவுநிரல் நம்மிடம் வைக்க வல்லது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8ஆம் திகதி, 83 வயதில் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயுற்ற அம்முதியவர் பிணை கிடையாமலே 2021 யூலை 5ஆம் திகதி மறைந்தார். பிரதிவாதித் தரப்புக்காக அவரது கணினியின் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்ட்டிங், 2022 டிசம்பரில் தன் முடிவை வெளியிட்டது. 2014 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அக்கணினி அந்நியர் வசப்பட்டிருந்தது என்றும், அவர் அறியாமல் கோப்புகள் அதனுள் வைக்கப்பட்டன என்றும், 2019 யூன் 12இல் பொலிஸார் அதனைக் கைப்பற்றுவதற்கு முன்னாள் ஊடுருவியவரே தம் சுவடுகளை அழிக்க முயன்றார் என்றும் அது கூறியது. ஊடுருவியவர் யாரென அது பெயர் சுட்டவில்லை. இவ்வழக்கில் வெளியான அத்தகைய ஆய்வுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவுமில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: "ஒளிக்க ஒன்றுமில்லை" என்னும் வாக்கு எவரையும் காப்பதில்லை.

மலையக மக்களுக்கு இது புதிய பாடமுமன்று. அன்று தோட்டம் மாறிய தொழிலாளியின் தலைவிதியை அவன் கடனைப் பொறித்த ‘துண்டு’ என்னும் காகிதம் தீர்மானித்தது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ இந்நாட்டிலேயே பிறந்தவர்களிடம் காட்டவியலாப் பத்திரங்களைக் கேட்டு அவர்களை நாடற்றவராக்கியது. தம்மைப் பற்றிய ஏடு பிறர் கையில் இருந்தமையால் நம் முன்னோர் பட்ட துன்பம் இது. அவர்தம் பேரர்களின் ஏட்டை இன்று முகமறியாத ஒருவன் கையில் விட்டுவிட்டு, "என்ன இருக்கிறது?" என்று கேட்க நமக்கு மனம் வருமா?

சட்டம் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நிறைவேறிய பின்னும் ஒத்திவைப்புக்கு உள்ளாயிற்று. கொழும்பிலுள்ள சட்டப் புத்தகம் நமுனுகுல மலையேறி லயத்துக்கு வர யாரேனும் வழி செய்யவேண்டும்.

எனவே நாம் கோருவன இவை: தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் பழுதற்ற, திருட்டுப் பிரதியற்ற ஒரு கணினியேனும் இருத்தல் வேண்டும். உளவுநிரலை அறிந்து அகற்றும் முறை தமிழில் தெளிவாகக் கற்பிக்கப்படல் வேண்டும். முறைப்பாடு செய்ய வரும் தாய் தன் மொழியில் பேசவும் எழுதவும் வகை வேண்டும். இவற்றை அரசிடம் கேட்போம். கேட்டுக்கொண்டு கைகட்டி இருக்கவும் மாட்டோம். சனிக்கிழமை ஒன்றில் இரண்டு மணி நேரம், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் என்பன போதும், தொடங்கிவிடலாம். பசறை வீதி மாணவனின் கணினி இன்று அவ்வாறே இயங்குகிறது. அடுத்த லயத்துக் கணினியைத் திருத்த அவன் இப்போது நம்மை அழைப்பதில்லை, தானே போகிறான்.