ஷனன் நதிக்கரையிற் பிளாசி

இடப்பெயர்கள் தாமாகத் தோன்றுவனவல்ல. நிலத்தை உடைமையாக்கிக் கொண்டவனே பெரும்பாலும் அதற்குப் பெயரிடும் உரிமையையும் தனதாக்கிக் கொள்கிறான். அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் பிளாசி மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். ஷனன் நதிக்கரையில் அமைந்த அம்மாளிகையின் பெயர் ஐரிஷ் மொழிக்குரியதன்று, ஆங்கிலத்துக்குரியதுமன்று. வங்காளத்திலே பலாச மரத்தாற் பெயர்பெற்றதாகக் கூறப்படும் பலாஷி என்னும் சிற்றூரின் பெயர் அது.

அப்பெயர் ஷனன் நதிக்கரையை அடைந்த வழி யாது? 1744 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுதுவினைஞனாகச் சென்னைக்கு வந்த றொபேட் கிளைவ், 1751 இல் ஆர்க்காட்டு முற்றுகையாற் புகழ்பெற்றான். 1757 யூன் 23 இல் பலாஷிக் களத்தில் நவாப் சிராஜ் உத்தௌலாவை வீழ்த்தினான். வாளைவிட மீர் ஜாபரின் துரோகமே அன்று வென்றது. புதிய நவாபாகிய மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்ற தொகை ஏறத்தாழ 2,34,000 பவுண். பின்னர் ஆண்டுக்கு 27,000 பவுண் வருவாயுள்ள ஜாகீரும் அவனுக்குக் கிடைத்தது. 1762 இல் அவன் ‘பிளாசியின் கிளைவ் பிரபு’ ஆனான். அஃது அயர்லாந்துப் பட்டமே. பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அது ஆசனம் தராது. லிமரிக், கிளேயர் ஆகிய பகுதிகளில் நிலம் வாங்கிய கிளைவ், லிமரிக் நகரின் அருகே தனக்குரிய நிலத்துக்குப் பிளாசி எனப் பெயர் சூட்டினான்.

அந்நாளில் அயர்லாந்தில் நிலம் வாங்கக் கூடியவர் யார் என்பதும் நோக்கற்பாலது. 1704 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது. 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பெற முடியாது. நாட்டு மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பிறந்த மண்ணில் ஐரிஷ் உழவன் வாங்க முடியாத நிலத்தை, வங்காளத்திற் பெற்ற பொருளைக் கொண்டு ஆங்கிலேயன் வாங்கினான். இரு நாடுகளின் இழப்பு ஒரே உறுதியிற் சந்தித்தது.

“இது வெறும் பெயர், மாளிகையின் எழிலை நுகர்வோம்” என்பாருமுளர். அன்னோர் பல்கலைக்கழகத்தை நிலப்பிரபுவின் கொடையெனக் கருதுகின்றனர் போலும்! உண்மை வேறு. 1845 இல் அரசிக் கல்லூரிகள் பெல்பாஸ்ற், கோர்க், கோல்வே நகரங்களுக்கே வழங்கப்பட்டன, லிமரிக் கைவிடப்பட்டது. அவ்வாண்டே தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐரிஷ் மக்கள் மாண்டனர். லிமரிக் மக்கள் பல்கலைக்கழகம் வேண்டி 1959 இல் குழு அமைத்து இயக்கம் நடத்தினர். அதன் பின்னரே 1972 இல் பிளாசியில் தேசிய உயர்கல்வி நிறுவனம் தோன்றியது. 1989 இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இது மாளிகை ஈந்த கல்வியன்று. மக்கள் கேட்டுப் பெற்ற கல்வி.

“அயர்லாந்தும் அடிமை நாடே, பழி இங்கிலாந்தைச் சாரும்” என்பது மற்றொரு வாதம். இது பாதி உண்மையே. பலாஷிப் போரிற் கிளைவுடன் நின்றும், 1760 இல் வந்தவாசியிற் பிரெஞ்சுப் படையை முறியடித்தும் பெயர்பெற்ற அயர் கூட், லிமரிக் பகுதியின் நிலவுடைமைக் குடியிற் பிறந்தவன். கம்பனிப் படைகளில் ஐரிஷ் வறியோரும் கூலிக்குச் சேர்ந்தனர். ஆதிக்கத்துக்குட்பட்ட நாட்டிலும் ஆதிக்கத்தின் பங்காளிகள் உளர். வர்க்கத்தை மறைத்துத் தேசத்தை மட்டும் பேசும் வரலாறு குருட்டு வரலாறேயாகும்.

பெயரை நீக்கினாற் போதும் என்பது மூன்றாவது வாதம். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த மெய்யியலாளர் ஜோர்ஜ் பாக்லியின் பெயரை 2023 இல் டப்ளின் டிரினிற்றிக் கல்லூரி தன் நூலகத்திலிருந்து நீக்கியது. அம்முடிவு ஆராய்ந்து எடுக்கப்பட்டமையாலேயே மதிப்புப் பெறுகிறது. ஆராயாது அழிப்பதோ, கடன் தீருமுன் கணக்கேட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். பிளாசி என்ற சொல் மறைந்தால், அதனுடன் வங்காளத்தின் வழக்கும் மறைந்துவிடும்.

ஆகவே வேண்டுவது ஒன்றே. பிளாசி மாளிகையைக் கடந்து செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் அப்பெயரின் முழு வரலாற்றையும் பாடமாகவே பயிலல் வேண்டும். பயின்ற பின்னர், பெயர் நிற்பதா நீங்குவதா என்பதை ஆசிரியரும் மாணவரும் நகர மக்களும் கூடித் தீர்மானிக்கட்டும். தான் நிற்கும் நிலம் எவ்வாறு கிடைத்தது என வினவ அஞ்சும் பல்கலைக்கழகம், உலகைப் பற்றி வினவும் தகுதியை இழக்கிறது. பலாஷியின் பெயரை நிலத்துக்கு அணியாகச் சூட்டினான் கிளைவ். அதனைச் சாட்சியாக மாற்றுவது கல்வியின் கடன்.